சேர்வராயன் மலையில் குளிர்காலப் பயிற்சி: ஏற்றத்தைவிட இறக்கத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்

அடிவாரவாசி எழுதியது:

சேலத்தில் ஓடுகிற நமக்கு ஆண்டில் கிடைக்கும் நல்ல பருவம், மழை ஓய்ந்து மண் இறுகத் தொடங்கும் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வெயில் ஏறும் வரைதான். 280 மீட்டர் உயரத்தை ஒட்டிய நகரத்துக்கும் 1,500 மீட்டரை ஒட்டிய ஏற்காட்டுக்கும் இடையே, ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கின்படியே எட்டு டிகிரி குறைகிறது. மார்கழி, தை அதிகாலைகளில் மேலே 12, 13 டிகிரி வரை இறங்குவதை எல்லோரும் அனுபவித்திருப்பீர்கள். அந்தக் குளிரில் உடல் அதிகம் சூடேறாமல் நெடுநேரம் ஓட முடிவதால், மலைப்பாதைப் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இந்த மூன்று மாதங்களில்தான் பயிற்சியைக் குவிக்கிறார்கள். அருமையான இந்தப் பருவத்தை எதற்குச் செலவிடுகிறோம் என்பதைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாம் ஏறுவதற்குத் தேவைக்கு மேலும், இறங்குவதற்கு மிகக் குறைவாகவும் பயிற்சி செய்கிறோம்.

ஞாயிறு விடியலில் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே ஓடி, ஒண்டிக்கடையில் தேநீர் குடித்துவிட்டு, பேருந்திலோ நண்பர் காரிலோ திரும்பிவிடுவதுதான் நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வெயில் ஏறியதும் சுற்றுலா வாகனங்கள் பெருகிவிடுகின்றன. இறங்கி ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று வீட்டிலும் வெளியிலும் அச்சுறுத்துகிறார்கள். ஏறி முடித்ததிலேயே மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் மலைப்பாதைப் போட்டிகள் பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுகளாகத்தான் அமைகின்றன. ஏறிய ஒவ்வொரு மீட்டரையும் அன்றைக்கே, அதே கால்களால் இறங்கியாக வேண்டும்.

தை மாதத்தில் மலைமேல் நடந்த 30 கிலோமீட்டர் போட்டி ஒன்றில் ஓடினேன். தார்ச்சாலை கொஞ்சம், எஸ்டேட் மண்சாலை நிறைய, இடையிடையே ஒற்றையடிப் பாதை என்று மாறி மாறி வந்தது. முதல் பாதியில் ஏற்றங்களில் என்னைக் கடந்து போனவர்கள் பலர். அவர்களுடைய மூச்சும் நடையும் என்னுடையதைவிடத் தெளிவாகவே இருந்தன. இருபதாவது கிலோமீட்டருக்குப் பிறகு வந்த நீண்ட இறக்கத்தில் அவர்களில் பலரை மறுபடியும் பார்த்தேன். தொடை நடுங்க, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு அடியையும் சோதித்துச் சோதித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை, வியர்வைகூட அடங்கியிருந்தது. கால் மட்டும் ஒத்துழைக்க மறுத்தது. அந்தப் பருவம் முழுவதும் இறக்கத்தையே முதன்மையாக வைத்துப் பழகியிருந்ததால் அந்த இடத்தில் என்னால் ஓட முடிந்தது.

அந்த இறக்கத்தின் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக் கொடிகள், கீழே காப்பிச் செடிகள். பாதை முழுவதும் சில்வர் ஓக் சருகு இரண்டு மூன்று அடுக்காக விழுந்து கிடக்கும். பனியில் நனைந்த சருகின் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும்போது, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு அடியில் செம்மண்ணோடு கலந்த உருண்டைச் சரளை இருப்பது மிதித்த பிறகுதான் தெரியும். இந்தத் தரையில் குதிகாலை ஊன்றிப் பிரேக் போட முயன்றால் கால் முன்னால் ஓடிவிடும். உடலைச் சரிவுக்குச் செங்குத்தாக லேசாக முன்சாய்த்து, அடிகளைக் குறுக்கி, பாதத்தின் நடுப்பகுதி இடுப்புக்கு நேர் கீழே விழுமாறு வேகமாக எடுத்து வைத்தால் நிலைக்கும். கண்கள் காலடியை விட்டு நாலைந்து அடி முன்னால் பாதையைப் படித்துக்கொண்டே போக வேண்டும். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. வாரக்கணக்கில் இறங்கினால்தான் கால் தானாகக் கற்கும்.

ஏற்றமும் இறக்கமும் உடலிடம் வேறு வேறு விலை கேட்கின்றன. இத்தாலிய உடலியங்கியல் ஆய்வாளர் ஆல்பர்ட்டோ மினெட்டியும் குழுவினரும் 2002 இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, 45 சதவீத ஏற்றத்தில் (கிடையாக நூறு மீட்டர் போகையில் 45 மீட்டர் உயரும் சரிவில்) ஓடுவதற்குச் சமதரையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான ஆற்றல் செலவாகிறது. 20 சதவீத இறக்கத்திலோ சமதரையில் ஆகும் செலவில் பாதிதான். எனவே இறங்கும்போது இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஓய்வு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் தொடையின் முன்பக்கத் தசை, நீண்டுகொண்டே எடையைத் தாங்கும் வேலையை ஒவ்வோர் அடியிலும் செய்து, நுண்ணிய அளவில் கிழிந்துகொண்டிருக்கும். அந்த வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். இதில் நமக்குச் சாதகமான செய்தி ஒன்று இருக்கிறது. ஒருமுறை அளவாக இறங்கி வலித்து ஆறிய தசை, அடுத்த முறை அதே இறக்கத்தில் அந்த அளவுக்குச் சேதமடைவதில்லை. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கிறது. ஆகவே குளிர்காலத் தொடக்கத்திலேயே சிறு சிறு இறக்கங்களோடு ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நீண்ட இறக்கம் ஒன்றை முடித்தால், தை மாதப் போட்டிக்குக் கால் தயாராகிவிடும்.

நான் பின்பற்றிய முறை எளிமையானது. பேருந்தில் மேலே போய், வாகனம் ஒப்பீட்டளவில் குறைந்த குப்பனூர்ச் சாலையில் முதலில் சிறிது தூரம் மட்டும் மெதுவாக இறங்குவேன். கால் பழகப் பழகத் தூரத்தைக் கூட்டினேன். தார்ச்சாலையில் உடல் பழகிய பிறகே மண்பாதைக்குப் போனேன். ஏற்றத்தை அறவே விடவில்லை. வார நாள்களில் நகரத்துக்குள்ளேயே அதைப் பார்த்துக்கொண்டேன். மலைக்குப் போகக் கிடைக்கும் அரிய நாளை இறக்கத்துக்கு ஒதுக்கினேன். மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஏரிக்கரை_63 எழுதியது:

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் முடிவோடு உடன்பட முடியவில்லை. உங்களுக்கு வயது குறைவு என்று நினைக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓட ஆரம்பித்த என்னைப் போன்றோர் போட்டியை முடிக்காமல் நிறுத்தப்படுவது ஏற்றங்களில்தான். இன்ன மணிக்குள் இந்த இடத்தைக் கடக்க வேண்டும் என்ற கட் ஆஃப் நேரங்களைத் தவறவிடுகிறவர்களில் பெரும்பாலோர், ஏற்றத்தில் நேரத்தை இழந்தவர்கள்.

1892 இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றைக்கும் உதவுகிறது: மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நாம் ஓட்டக்காரர்கள் என்பதால் இதைவிட வேகமாகப் போவோம் என்றாலும், ஏற்றம் நேரத்தைத் தின்னும் விகிதம் ஏறக்குறைய இதுதான். ஆயிரத்து இருநூறு மீட்டர் ஏற்றமுள்ள பாதையில் அந்தக் கணக்கின்படி இரண்டு மணி நேரம் ஏற்றத்துக்காகவே போகிறது. அதில் கால் பங்கைப் பயிற்சியால் மிச்சப்படுத்தினாலே அரைமணி நேரம் கையில் நிற்கும். இறக்கத்தில் எவ்வளவு துணிந்து ஓடினாலும் எங்களைப் போன்றோர் மிச்சப்படுத்துவது சில நிமிடங்கள்தான். அதற்காக விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்ளும் அபாயத்தையும் ஏற்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை வேறு. செங்குத்தான ஏற்றத்தில் ஓடுவதை விட்டுவிட்டு, கைகளைத் தொடையில் ஊன்றி, ஒரே சீராக, நிற்காமல் வேக நடை போடப் பழக வேண்டும். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு ஏறும் பழைய பாதையில் நடந்து பார்த்தவர்களுக்கு, சாலை இருபது கிலோமீட்டரில் ஏற்றும் உயரத்தைக் காட்டுப்பாதை எவ்வளவு குறைந்த தூரத்தில் ஏற்றிவிடுகிறது என்பது தெரியும். மலைச்சாலையின் சராசரிச் சரிவு ஏறத்தாழ ஐந்து சதவீதம்தான்; அதில் ஓடிப் பழகியவர்கள் உண்மையான மலைப்பாதையில் ஓட முயன்று, முதல் அரைமணி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறார்கள்.

தசையும்_நாரும் எழுதியது:

விளையாட்டுக் காயங்களுக்கு இயன்முறைச் சிகிச்சை அளிப்பவன் என்ற முறையில் இரு தரப்புக்கும் சில சொற்கள்.

அடிவாரவாசி சொன்ன தசை விளக்கம் சரியானது. ஆனால் அவருடைய முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு மணி நேரம் பேருந்தில் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்துவிட்டு, இறங்கிய உடனே சரிவில் ஓடத் தொடங்குவது தசைக்கும் நாணுக்கும் கடுமையான அதிர்ச்சி. கெண்டைக்காலும் தொடையும் சூடேறாத நிலையில் முழு எடையையும் வாங்குகின்றன. பேருந்திலிருந்து இறங்கியவுடன் ஏரியைச் சுற்றி இருபது நிமிடம் வேக நடையும் மெதுவோட்டமுமாகப் போய், லேசாக வியர்த்த பிறகே சரிவுக்குத் திரும்ப வேண்டும். குளிர்காலத்தில் இது கட்டாயம்.

முட்டி தேயும் என்ற அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான முட்டி, படிப்படியாகக் கூட்டப்படும் சுமைக்குப் பழகிக்கொள்ளும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பழக்கமே இல்லாமல் ஒரே நாளில் முழு மலையையும் இறங்கியவர்கள். தொடையின் நடுப்பகுதியில் இருபுறமும் ஒரே அளவில் பரவி, இரண்டு மூன்று நாளில் தணியும் வலி தசைவலி. அதற்கு ஓய்வும் மெதுவான நடையும் போதும். முட்டிச்சில்லுக்குப் பின்னாலோ முட்டியின் வெளிப்பக்கத்திலோ ஒரே புள்ளியில் குத்தி, படி இறங்கும்போதெல்லாம் திரும்பி வரும் வலி வேறு வகை. அதோடு ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளில் ஒன்றை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால், வாசற்படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, மற்றொரு குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறங்குவதைச் சொல்வேன். முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராகவே போக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் போதும்.

ஏரிக்கரை ஐயா சொன்ன வயதுக் காரணம் முற்றிலும் சரி என்று சொல்ல மாட்டேன். வயது கூடக்கூடத் தசை ஆற எடுக்கும் நேரம் கூடுகிறது என்பது உண்மை. அதனால் இறக்கப் பயிற்சிகளுக்கு இடையே நாள்களைக் கூட்ட வேண்டும். பயிற்சியையே விட்டுவிட்டால் போட்டி நாளில் பாதிப்பு இன்னும் கூடும்.

மூக்கனேரி_வடகரை எழுதியது:

இந்த விவாதம் ஞாயிறுதோறும் மலைக்குப் போக முடிகிறவர்களை மனத்தில் வைத்தே நடக்கிறது. வேலைக்கும் போய், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஓடும் பெண்களுக்கு மாதத்தில் ஒரு நாள் மேலே போவதே பெரிது. தை மாதத்தில் ஆறரை மணிக்குப் பிறகுதான் சூரியன் எழுகிறது. நமக்குக் கிடைக்கும் நேரமோ ஐந்திலிருந்து ஆறரை வரை. அந்த இருட்டில் தனியாக அடிவாரச் சாலைக்குப் போவதில்லை என்று நாங்கள் சிலர் முடிவெடுத்து, மூன்று நான்கு பேராகச் சேர்ந்தே ஓடுகிறோம். இதைப் பயத்தின் காரணமாக என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிர்காலப் பயிற்சித் திட்டத்தில் வெளிச்சமும் துணையும் ஷூவுக்கு நிகரான இடம் பெற வேண்டியவை.

நகரத்துக்குள் நாங்கள் செய்வதை எழுதுகிறேன். கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் மெதுவான நீண்ட ஓட்டம். மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் வேகப் பயிற்சி. விடுமுறை நாளில் வெளிச்சம் வந்த பிறகு குரும்பப்பட்டிப் பக்கம். சரிவு கிடைக்குமிடத்தில் நானூறு மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டைத் தேர்ந்து, நடந்து ஏறி ஓடி இறங்குவதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். அடிவாரவாசி அவர்களுக்கு என் கேள்வி: இப்படித் துண்டு துண்டாகச் செய்யும் இறக்கம், ஒரே மூச்சில் பத்துக் கிலோமீட்டர் இறங்குவதற்கு ஈடாகுமா?

இன்னொரு செய்தி. மேலே மூடுபனி இறங்கியிருக்கும்போது நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி, எதிரே வெள்ளைச் சுவர் போலத் தெரிகிறது. விளக்கைக் கழற்றி இடுப்பு உயரத்தில் கையில் பிடித்தாலோ இடுப்புப் பட்டையில் மாட்டினாலோ தரையின் மேடு பள்ளம் நிழலோடு தெளிவாகத் தெரியும்.

நாகலூர்க்_காப்பி எழுதியது:

மலைமேல் வசிப்பவன், தோட்ட வேலையில் இருப்பவன். நானும் ஓடுவேன் என்பதால் இந்த இழையை ஆர்வத்தோடு படிக்கிறேன். ஆனால் நீங்கள் யாருமே தொடாத ஒன்று இருக்கிறது.

உங்களுக்குப் பயிற்சிக் காலமாக இருக்கும் இதே மார்கழியும் தையும் எங்களுக்குக் காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஆண்டில் வேறெந்த மாதத்திலும் இல்லாத அளவுக்கு எஸ்டேட் பாதைகளில் ஆளும் மூட்டையும் டிராக்டரும் நடமாடும் நேரம் இது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து, நீங்கள் ஒற்றையடிப் பாதை என்று மகிழ்ந்து ஓடும் வழிகள் பலவும் வேலையாட்களுக்காகவும் மலைக் கிராமங்களுக்காகவும் உருவானவை. தலையில் மூட்டையோடு எதிரே வருபவருக்கு ஓட்டக்காரர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். களத்தில் காயவைத்திருக்கும் பழத்தை ஓரத்தில்கூட மிதிக்கக் கூடாது. கதவைத் திறந்து போனால் மூடிவிட்டுப் போக வேண்டும். கேட்டுவிட்டு வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் யாரும் தடுத்ததாக எனக்கு நினைவில்லை.

எஸ்டேட் எல்லையைத் தாண்டினால் காப்புக்காடு. அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அதே ஆண்டிலேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 இல் அரசே இணையவழி முன்பதிவோடும் வழிகாட்டிகளோடும் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. ஏரிக்கரை ஐயா குறிப்பிட்ட குண்டூர்ப் பாதைக்குப் போக நினைக்கும் புதியவர்கள் முறைப்படி அனுமதி பெற்றே போக வேண்டும். மாசிக்குப் பிறகு புல் காய்ந்து தீப் பருவம் தொடங்கிவிடும். அப்போது வனத்துறை பாதைகளை மூடினால் வாதாட வேண்டாம்.

காட்டெருமையைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். விடியலிலும் அந்தியிலும் அவை தோட்டங்களுக்குள் மேய்கின்றன. மூடுபனியில் இருபதடி தூரத்துக்கு வரும்வரை பாறை என்றே எண்ணுவீர்கள். பார்த்தவுடன் நின்றுவிடுங்கள். முகத்தில் விளக்கை அடிக்காமல், கத்தாமல், முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்னால் நகருங்கள். கன்றுக்கும் தாய்க்கும் இடையே மட்டும் போய்விடாதீர்கள். இறக்கத்தில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேகமாக வருகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

போட்டி முடிந்த பிறகு மிளகுக் கொடியில் கட்டிய அடையாள ரிப்பன்களும், ஓடும்போது உண்ணும் ஜெல்லின் கிழித்துப் போட்ட உறைகளும் வாரக்கணக்கில் கிடந்ததைப் பொறுக்கியவர்களில் நானும் ஒருவன். உறையைக் கிழிக்கும்போது முனை தனியாக வந்துவிடாமல் கிழித்து, அப்படியே பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

பனிநாட்டுச்_சேலத்தான் எழுதியது:

அஸ்தம்பட்டியில் வளர்ந்து, இப்போது கனடாவில் ஓடிக்கொண்டிருக்கிறேன். இங்கே பயிற்சியைக் குளிர்காலம் முடக்கிப் போடும். சாலையெல்லாம் பனிக்கட்டி, ஷூவின் அடியில் உலோக முள் மாட்டாமல் வெளியே கால் வைக்க முடியாது, பலர் மாதக்கணக்கில் டிரெட்மில்லிலேயே ஓடுகிறார்கள். டிரெட்மில்லில் ஏற்றம் வைக்கலாம். பெரும்பாலான இயந்திரங்களில் இறக்கம் வைக்க முடியாது. அதனால் வசந்தகாலத்தின் முதல் மலைப் போட்டியில் இங்குள்ளவர்களும் அடிவாரவாசி வருணித்த அதே நிலையில்தான் இறங்குகிறார்கள். அவர் சொல்வது எங்கள் அனுபவத்தோடு முழுமையாக ஒத்துப்போகிறது.

உடை விஷயத்தில் இங்கே கற்றது ஏற்காட்டுக்கும் பொருந்தும். 12 டிகிரி என்பது ஓடும்வரை குளிரே இல்லை. வியர்வையில் நனைந்த பருத்திப் பனியனோடு, 1,600 மீட்டருக்கும் மேலே இருக்கும் சேர்வராயன் கோயில் மேட்டில் காற்றில் ஐந்து நிமிடம் நின்றால் பல்லடிக்கும். உடலோடு ஒட்டிய, வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழை உள்ளாடையும், கையளவில் மடிக்கக்கூடிய மெல்லிய காற்றுத் தடுப்பு மேலுடையும் போதும். புறப்படும்போது சற்றே குளிர்வதுதான் சரியான அளவு. நிற்கும் இடத்துக்கு வருவதற்கு முன்பே மேலுடையைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் பயன் குறைவு.

முதல்_மலை எழுதியது:

சாலையில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன், மலைப்பாதையில் இனிமேல்தான். ஷூ, தண்ணீர், உணவு மூன்றிலும் என்ன மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். போட்டிக்கு முன் கடைசியாக எப்போது இறங்கிப் பழக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

அடிவாரவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

ஏரிக்கரை ஐயா, கட் ஆஃப் நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். செங்குத்தில் வேக நடைதான் சிறந்தது என்பதிலும் உடன்பாடே. ஆனால் இறக்கப் பயிற்சியின் பயனை அந்த இறக்கத்தில் மிச்சமாகும் நிமிடங்களை வைத்து மட்டும் அளக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போட்டியில் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம் என்று நிற்பதில்லை. முதல் இறக்கத்தில் சேதமான தொடையோடுதான் இரண்டாம் ஏற்றத்தை ஏற வேண்டியிருக்கிறது. உங்களுடைய அந்த அரைமணி நேரமும் அங்கேதான் கரைகிறது. துணிந்து வேகமாக இறங்குங்கள் என்று நான் சொல்லவில்லை; சேதமில்லாமல் இறங்கும் அளவுக்குத் தசையைப் பழக்குங்கள் என்கிறேன்.

மூக்கனேரி அம்மா, துண்டு துண்டான இறக்கம் பெரும்பகுதி பயனைத் தந்துவிடும். தசைக்குப் பாதுகாப்பு கிடைக்கப் பெரிய அளவு தேவையில்லை. முதல் சிறு வலியிலேயே அது தொடங்கிவிடுகிறது. நானூறு மீட்டர்த் துண்டில் குறை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் நடந்து ஏறும்போது தசை இளைப்பாறிவிடுகிறது, தரையும் மாறுவதில்லை. அதனால் நீங்கள் மேலே போகும் அந்த மாதம் ஒரு நாளை நீண்ட, இடைவிடாத இறக்கத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வாரங்களுக்கு அந்தத் துண்டுகள் போதும்.

முதல்_மலை நண்பரே, செம்மண் சேற்றிலும் சருகிலும் சாலை ஷூவின் தட்டையான அடிப்பாகம் பிடிக்காது. நான்கைந்து மில்லிமீட்டர் ஆழமுள்ள பற்கள் கொண்ட மலைப்பாதை ஷூ வாங்குங்கள். இறக்கத்தில் பாதம் முன்னால் தள்ளப்படுவதால் பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்துக் கழன்றுவிடும். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். கணுக்காலை ஒட்டிய கடைசித் துளையையும் பயன்படுத்திக் கயிற்றை இறுக்கினால் குதிகால் நகராது. நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

தண்ணீரில் குளிர்காலம் இருபுறமும் ஏமாற்றும். தாகம் எடுக்காததால் சிலர் குடிப்பதே இல்லை. அதற்குப் பயந்து சிலர் போட்டிப் பாதையில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிக்கிறார்கள். வியர்வையில் இழந்ததைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் அளவு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரை போகலாம். இது வெறும் சோர்வைவிட ஆபத்தானது. தாகத்துக்கேற்ப, சிறு சிறு மிடறாக, உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து குடிப்பது போதும். உணவுக்கு நான் கடலை மிட்டாயையும் பேரீச்சையையும் வைத்துக்கொள்கிறேன். கடலை மிட்டாயைச் சிறு துண்டுகளாக முன்பே உடைத்து வைக்க வேண்டும். ஏறும்போது பெரிய துண்டை மென்றால் மூச்சு திணறும். இறக்கத்தில் எதையும் மெல்லாதீர்கள். ஏற்ற நடையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

கடைசி நீண்ட இறக்கம் போட்டிக்குப் பத்து முதல் பதினான்கு நாள்களுக்கு முன் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு செய்வதால் ஏற்படும் சேதம் போட்டிக்குள் முழுமையாக ஆறாமல் போகலாம். அதற்கு முன் செய்தவற்றின் பாதுகாப்பு அதுவரை கலையாது.

தசையும்_நாரும் எழுதியது:

கடைசிப் பத்தியை வழிமொழிகிறேன். ஐம்பதைத் தாண்டியவர்கள் பதினான்கு நாள்களையே வைத்துக்கொள்வது நல்லது. ஓடத் தொடங்குவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில், உடலில் நீர் குறைந்திருக்கும்போது இவ்வகை மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், தயவுசெய்து வேண்டாம்.

ஏரிக்கரை_63 எழுதியது:

முதல் இறக்கத்தின் சேதம் இரண்டாம் ஏற்றத்தில் தெரியும் என்ற வாதத்தை ஏற்கிறேன். என் அனுபவத்திலும் இரண்டாம் ஏற்றமே கடினமாக இருந்திருக்கிறது. அதற்குக் காரணம் மூச்சு என்றே எண்ணியிருந்தேன். இருந்தாலும் என் வயதினருக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஏற்றத்தையே கூடுதலாக வைப்பேன், அதுவும் வாசற்படிப் பயிற்சியைச் சில வாரங்கள் செய்த பிறகே இறக்கத்துக்குப் போவேன். இறங்கும்போது ஊன்றுகோல்களைப் பயன்படுத்துவதையும் என் வயதினருக்குப் பரிந்துரைக்கிறேன்; எடையில் ஒரு பகுதியைக் கைகள் வாங்கிக்கொள்ளும். போட்டி விதிகள் அனுமதிக்கின்றனவா என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கேள்வி நாகலூர் நண்பருக்கு: கார்த்திகையில் மழை முடியாத ஆண்டுகளில் எந்தச் சாலையை நம்பிப் புறப்படுவது? எங்கள் குழுவில் சிலர் உங்கள் பக்கத்து மண்சாலையில் பழக விரும்புகிறார்கள்.

நாகலூர்க்_காப்பி எழுதியது:

ஐயா, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பெருமழை பெய்த வாரத்தில் எந்தச் சாலையானாலும் காவல்துறை அறிவிப்பைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள். மழை நின்று இரண்டு நாள் வெயில் பட்டபிறகும் சரிவுகளில் கல் உதிரும். மண்சாலைகளில் பாசி படிந்த வளைவுகள் காய ஒரு வாரமாவது ஆகும். கிளியூர் அருவிக்கு இறங்கும் படிகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரத்தில் அவை மிகவும் வழுக்கும்.

எங்கள் பக்கம் வருவதற்குப் பறிப்பு ஓயும் மாசி தொடக்கம் உகந்தது. அப்போது கவாத்து வேலை நடக்கும் என்பதால் வெட்டிய கிளைகள் பாதையில் கிடக்கலாம். முதல் சுற்றை நடந்தே பாருங்கள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், வெளிச்சம் வந்த பிறகு தொடங்குங்கள், எந்த நாள் என்பதை ஒரு வாரம் முன்பே தனிச்செய்தியில் சொல்லுங்கள். தோட்டத்து மேஸ்திரியிடம் சொல்லிவைத்து, நாய்களைக் கட்டிவைக்க ஏற்பாடு செய்கிறேன்.